ருசி பாராமல் செய்த சொக்லேட்

வெள்ளிக்கிழமைகளில் நானும் மனைவியும் அம்மன் கோயிலுக்கு நடந்துதான் போவோம். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டில் ஏறுகிற இடத்தில் மஞ்சள் மதில் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு முன்னறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பிள்ளை கடை திறந்தாள். கையால் செய்கிற சொக்லேட் விற்கிற கடை. புதிதில் சனம் உள்ளே போகக் கூச்சப்பட்டு வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற சின்னஞ்சிறுசுகள் ஒட்டிக்கொண்டு நின்றதில் கண்ணாடி நிறைய மூக்கு அடையாளம்.

என் மனைவி மட்டும் அந்த இடம் வந்ததும் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவாள். சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறு என்று நடப்பாள். கடை தாண்டியதும் திரும்பக் கடந்து வந்து என்னோடு சேருவாள். லொறியும் ஓட்டோவும் ஓய்வில்லாமல் ஓடுகிற றோட்டு அது. 

"உமக்கென்ன விசரோ? மணத்துக்குப் பயந்து லொறிக்குள்ள விழப்போறீர்."

"மணத்தாலையும் நேர்த்தி முறிஞ்சுபோம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு அப்பிடிப் படுது."

கோயில் ஐயரிடமே ஒருநாள் கேட்டோம். அவர் விபூதித் தட்டோடு நின்றபடி சிரித்தார். "மணத்தையெல்லாம் அம்மாள் பாக்கமாட்டா. நீங்கள் றோட்டைப் பாத்து நடவுங்கோ, அம்மா" என்றார். அடுத்த வெள்ளியும் அவள் கடந்துதான் போனாள்.

அந்த நேர்த்திக்கடன் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகன். சண்டையால் இங்கே இருக்க ஏலாது என்று வந்த காலத்தில், மீசை அரும்பின வயதில், ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டான். போனவன் எங்கே நிற்கிறான், உயிரோடு நிற்கிறானோ என்றுகூட மாதக்கணக்காகத் தெரியவில்லை. அந்த நாட்களில் ஒரு பூசை நேரம், திரை விலகினதும், இவள் வாய்விட்டுச் சொன்னாள். "தாயே, அவன் திரும்பி வந்து, என்ர வீட்டில இருந்து, என்ர கையால சோறு தின்னுமட்டும் நான் சொக்லேட் தொடமாட்டன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவடி எடுக்கிறேன் என்பார்கள், தீ மிதிக்கிறேன் என்பார்கள், மொட்டை போடுகிறேன் என்பார்கள். சொக்லேட்டை விடுகிறேன் என்று அந்தச் சந்நிதியில் யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு மனுசி சிரிப்பை அடக்கத் தூணுக்குப் பின்னால் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

நான் துறைமுகத்தில் வடம் பிடிக்கிற வேலை செய்தவன். பெரிய கப்பல் உள்ளே வந்தால் அது தானாகக் கரையோடு ஒட்டி நிற்காது. நாங்கள் சின்னப் படகில் கிட்டப் போவோம். மேலேயிருந்து மெல்லிய கயிறு ஒன்றை எறிவார்கள். அதை எட்டிப் பிடித்து இழுத்தால், பின்னால் என் தொடை மொத்தத்தில் பெரிய வடம் இறங்கி வரும். அதை இழுத்துக்கொண்டுபோய் இறங்குதுறையில் நிற்கிற இரும்புக் குத்தியில் மாட்டவேண்டும். கோதுமைக் கப்பல் வரும், சீமெந்துக் கப்பல் வரும், சீனன்குடாப் பக்கம் எண்ணெய்க் கப்பல் வரும். வடம் இறுகிக் கப்பல் அசையாமல் நின்றதும், மேலே நிற்கிற மாலுமிகள் அதே மெல்லிய கயிற்றில் ஒரு பையைக் கட்டி எங்களுக்கு இறக்குவார்கள். சிகரட், சவர்க்காரம், சொக்லேட்.

என்னோடு நின்றவர்கள் சிகரட்டுக்கு அடிபடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என் பங்கு சிகரட்டைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய சொக்லேட்டை வாங்கிக்கொள்வேன்.

"என்ன, புதுப் பொம்பிளைக்கோ?" என்று பகிடி பண்ணுவார்கள். மகன் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகும் பகிடி மாறவில்லை. "இவன்ர மனிசி இன்னும் புதுப் பொம்பிளைதான்ரா!"

வெயில் நேரம் அதை வீடு சேர்ப்பதுதான் பாடு. துவாயைக் கடலில் நனைத்துப் பிழிந்து சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவேன். அப்படியும் வந்து சேருகிறபோது பாதி சொக்லேட், பாதி கூழ். வெள்ளித்தாளின் மடிப்பு வழியாக உப்புத் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். என் கையும் எந்நேரமும் உப்புத்தான். என்ன போட்டுக் கழுவினாலும் விரல் இடுக்கில் வடத்தின் உப்பு நிற்கும்.

அவள் வாங்கின கையோடு தின்னமாட்டாள். வெளியிலிருந்து எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் சுவாமி படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். விளக்குக் கொளுத்திக் கும்பிட்டு எழும்புவதற்குள் விளக்குச் சூட்டில் மிச்சமும் உருகிவிடும். பிறகுதான் தாளை விரித்து, விரலால் வழித்து வழித்துத் தின்பாள். முதல் முறை தின்றபோது, "வெளிநாட்டில சொக்லேட்டுக்கு உப்புப் போடுறவங்கள் போல" என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன். "அப்ப இது உங்கட கை ருசி" என்று சிரித்தாள். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லுவாள். "இண்டைக்கு உப்புக் காணாது. வேலை செய்யாமல் நிழலில படுத்திருந்தனீங்களோ?"

மகன் நடக்கத் தொடங்கினபிறகு தாளை நக்குவதற்கு இருவருக்கும் சண்டை. தாய்க்கும் மகனுக்கும் முகம் முழுக்கச் சொக்லேட். சண்டை முடிந்ததும் அவள் தாளைக் கழுவி, நகத்தால் மடிப்பில்லாமல் நீவி, அம்மன் படத்தின் சட்டத்தைச் சுற்றி ஒட்டுவாள். விளக்கு வெளிச்சத்தில் அம்மனுக்கு வெள்ளி அங்கி சாத்தினது போல இருக்கும். அந்தத் தாள்கள் இன்றைக்கும் இருக்கின்றன. மங்கிப்போய், மூலையில் வாசிக்கத் தெரியாத ஏதோ நாட்டு எழுத்தோடு. நேர்த்தி வைத்த நாளோடு புதுத் தாள் ஒட்டுவது நின்றுபோனது. நானும் கொண்டுவருவதை விட்டேன். பிறகு பென்சனும் எடுத்தேன்.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் அவனுக்கு அங்கே விசா இழுபட்டது. வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது. போனில் முகம் காட்டுவான். அவள் அந்த முகத்தைத் தடவிப் பார்ப்பாள். நேர்த்தியைப் பற்றி அவனிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. "அறிஞ்சால் பிள்ளை அங்க தவிப்பான். சொல்லாதேங்கோ." நான் சொல்லவில்லை.

கடைசியில் விசா சரிவந்து அவன் வந்தான். வாசலில் அவன் செருப்பைக் கழற்றினதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் செருப்பை விடப் பெரிய செருப்பு. தலைமயிரில் நரை கண்டிருந்தது. குளித்துவிட்டு வந்து மேசையில் இருந்தான். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், பருப்பு, அப்பளம். அவன் குழைத்துத் தின்னத் தின்ன அவள் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்றுக் கோப்பை வெறுமையானதும் சுவாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் மணிச் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அவன் பெட்டியைத் திறந்து பாயில் கொட்டினான். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாப் பிள்ளைகளின் பெட்டியும் போலத்தான். பெட்டி நிறையச் சொக்லேட். தங்கத்தாள், சிவப்புத்தாள், வட்டம், முக்கோணம். ஒன்றை உரித்துத் தாயின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏன் அம்மா? உங்களுக்கு விருப்பமெல்லே?"

"முதல் அம்மாளாச்சிக்கு வைக்கவேணும் தம்பி."

"வையுங்கோவன்."

"உதில என்ன கலந்திருக்கெண்டு வாசிச்சுச் சொல்லு."

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இதில பிரண்டி இருக்கம்மா... இதில முட்டை... இது, ஜெலட்டின். மாட்டில இருந்து எடுக்கிறது." அவள் ஒவ்வொன்றுக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்டும் இல்லாததும் இருக்கும். பாத்துச் சொல்லுறன்."

"எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள ஒண்டாத்தானே வந்தது, தம்பி. நீங்கள் தின்னுங்கோ. எனக்கு வேண்டாம்."

அவனுடைய முகம் வாடிப்போனது. "நான் வாங்கி வந்தது எண்டால் உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்றான். அதற்கு மேல் என்னால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சந்நிதியில் நின்று சொன்னது, றோட்டைக் கடக்கிறது, மூக்கைப் பொத்துகிறது, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றான். வந்தபோது முகம் கழுவியிருந்தது. "அப்பா, இஞ்ச சுத்தச் சைவமாய் எங்க எடுக்கலாம்?" என்றான்.

அடுத்த நாள் வெள்ளி. உச்சிப் பூசைக்கு முதல் சொக்லேட் வேண்டும். அப்பனும் மகனும் அந்த மஞ்சள் மதில் கடைக்கு நடந்தோம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் செருப்பைக் கழற்றினேன். அவனும் கழற்றினான். உள்ளே ஏசிக் குளிர், காலுக்கடியில் தரை பனிக்கட்டி மாதிரி.

"ஐயா, செருப்போட வாங்கோ, கால் குளிரும்" என்றாள் அந்தப் பிள்ளை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை பழகி வந்தவள் என்று ஒழுங்கையில் கதை. நெற்றியில் விபூதி இருந்தது. எனக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"பரவாயில்லை பிள்ளை. பழக்கம்."

மணம். அத்தனை காலமும் றோட்டில் நின்று வாங்கின மணம் இப்போது நாலு பக்கமும் நின்றது. எனக்குப் படகும், மேலேயிருந்து ஆடி ஆடி இறங்குகிற பையும், ஈரத் துவாயும் நினைவில் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தாள். இஞ்சி போட்டது, கறுவா போட்டது, கஜுப்பருப்புப் போட்டது. ஒரு துண்டைக் கடதாசியில் வைத்து நீட்டினாள். "ருசி பாருங்கோ ஐயா."

"வேண்டாம் பிள்ளை. வீட்டில அவ தொடாமல் நான் தொடுறேல்லை." அது நான் யாருக்கும் சொல்லாத கதை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு என் விசாரணை தொடங்கியது. "மச்சம் மாமிசம் ஏதும் சேருமோ?"

"இல்லை ஐயா."

"முட்டை?"

"இல்லை."

"சாராயம்?"

"ஒரு தட்டில மட்டும் இருக்கு. அது சிவப்புத் தாள் சுத்தினது. சுற்றுலா வாற ஆக்கள் கேக்கிறவை."

"அந்தச் சட்டியையோ இதுக்கும் பாவிக்கிறனீங்கள்?"

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "ஐயா சொக்லேட் வாங்க வந்தனீங்களோ, சம்பந்தம் பேச வந்தனீங்களோ?"

மகன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அம்மனுக்குப் படைக்க வேண்டும். படைப்பதற்கு முதல் யாரும் ருசி பார்த்திருக்கக்கூடாது. பொங்கல் என்றாலும் மோதகம் என்றாலும் என் மனைவி நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள்.

அவள் யோசித்தாள். "அது கஷ்டம் ஐயா. இஞ்ச இருக்கிறதெல்லாம் நான் ருசி பாத்தது. ருசி பாக்காமல் நான் ஒண்டும் செய்யிறேல்லை. நாக்குத்தான் எனக்குத் தராசு. ஆருக்கு நேர்த்தி?"

"என்ர மனிசிக்கு. எங்களைக் கண்டிருப்பீங்கள், வெள்ளிக்கிழமையில..."

"மூக்கைப் பொத்திக்கொண்டு போறவவோ!" அவளுடைய கண் விரிந்தது. "ஐயோ ஐயா, அவவுக்கு என்ர கடை மணம் பிடிக்காதெண்டு நினைச்சன். நகரசபைக்குச் சொல்லிப்போடுவாவோ எண்டு பயந்து, காத்தாடியைப் பின்பக்கம் திருப்பி வைச்சனான்!"

"அவவுக்கு அந்த மணம் நல்லாப் பிடிக்கும். அதுதான் கரைச்சல்."

முழுவதையும் கேட்டபிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவில் 'கடை பூட்டு' என்று பலகையைத் திருப்பிவிட்டாள். "நான் காலையில முழுகினனான். புதுசா அரைச்சது ஒரு சட்டி இருக்கு, சாராயம் படாத சட்டி. சீனி நிறுத்துப் போட்டது, இன்னும் நாக்கில வைக்கேல்லை. முந்திரிகைப்பழ வத்தலும் கஜுவும் சேத்து அச்சில ஊத்தித் தாறன். ருசி பிழைச்சால் என்னை ஏசாதேங்கோ."

எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். சட்டியைச் சுடுதண்ணீருக்கு மேல் வைத்து இளக்கினாள். பிறகு மாபிள் பலகையில் ஊற்றி, அகலக் கரண்டியால் பரத்துகிறதும் சேர்க்கிறதுமாக ஆற்றினாள். ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய கை தன்பாட்டில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும். "பிள்ளை!" என்பேன். "ஐயோ!" என்று இறக்குவாள். திரும்பவும் போகும். மகனும் என்னோடு சேர்ந்து "தங்கச்சி!" என்பான். கடைசியில் அவளே உள்ளே போய்த் தோய்த்துக் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கதிர்காமத்தில் பூசை செய்கிறவர்கள் போல, வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வாய் கட்டினதோடு அவளுக்குக் கை தடுமாறத் தொடங்கியது. கதைக்கவும் ஏலாது. வத்தலைத் தூவினாள். கஜுவைத் தூவினாள். உப்புக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். அந்த நேரம் யாரோ வெளியே கண்ணாடியில் தட்டினார்கள். கையால் 'இல்லை, இல்லை' என்று காட்டிவிட்டுத் திரும்பி, திரும்பவும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள். நான் கண்டேன். அதுதான் செய்கிற முறை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அச்சில் ஊற்றிக் குளிரவைத்துத் தட்டினாள். கறுப்பாக, பளபளவென்று விழுந்தது. வெள்ளித்தாளில் சுற்றித் தந்தாள். "வெளியில நல்ல வெயில். கெதியாப் போங்கோ, இளகிப்போம்" என்றாள். நான் தோளில் கிடந்த துவாயைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதைச் சுற்றினேன். என் கை யோசிக்காமலே அதைச் செய்தது.

வெளியே வந்தால் எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து சோடிச் செருப்பு. கண்ணாடியில் தட்டினவர்கள் எங்களுடைய செருப்பைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காத்துக்கொண்டு நின்றார்கள்.

கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மனைவி அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ. நடுவில் நான் வெள்ளித்தாளை விரித்துச் சொக்லேட்டை வைத்தேன். ஐயர் குனிந்து பார்த்தார்.

"இதென்ன?"

"அதுதான் ஐயா" என்றாள் அவள். 

ஐயர் அவளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற நெடுவலான மகனைப் பார்த்தார். விளங்கிவிட்டது. "பிள்ளையின்ர பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பூசை முடிந்து, தீபம் காட்டி, தட்டு திரும்பி வந்தபோது சொக்லேட்டின் ஓரங்கள் இளகிவிட்டிருந்தன. மேலே ஒரு செவ்வரத்தம்பூ இதழ் ஒட்டியிருந்தது.

வெளிவீதியில் வேம்பு நிழலுக்கு வந்தோம். அவள் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நின்றாள். மகன் ஒரு துண்டை முறித்து, இதழைத் தட்டிவிட்டு, தாயின் வாயில் வைத்தான். இந்த முறை அவள் வாயைத் திறந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை காலம் கழித்து அது அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று திடீரென்று ஒரு பயம். 

அவள் கண்ணைத் திறந்தாள். நேரே என்னைத்தான் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. பென்சன் எடுத்து இத்தனை காலமாச்சு. உங்கட கையில உப்பு இன்னும் போகேல்லையே?"

நான் என் கையைப் பார்த்தேன். பிறகு உப்புக் கிண்ணம் நினைவில் வந்தது. ஒரு சிட்டிகை, திரும்பவும் ஒரு சிட்டிகை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோயில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்தப் பிள்ளை வாய் கட்டின துணி கழுத்தில் தொங்கத் தொங்க ஓடி வந்தாள்.

"ஐயா, தின்னாதேங்கோ! அம்மா, தின்னாதேங்கோ!"

வீதி சுற்றிக்கொண்டிருந்த சனமெல்லாம் நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். "நீங்கள் போனாப்பிறகு பலகையை வழிச்சு நாக்கில வைச்சன். உப்பு! ரெண்டு தரம் போட்டிட்டன். வாய் கட்டினதில தெரியேல்லை. உங்கட நேர்த்தியைக் கெடுத்துப்போட்டன் அம்மா..." கையில் இன்னொரு பெட்டி வைத்திருந்தாள். "இது நல்லது. ஆனால் இது ருசி பாத்தது, படைக்க ஏலாது. நீங்கள் தின்னலாம்."

என் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு கிட்ட அவளை இதற்கு முதல் பார்த்ததில்லை. "நீர்தானோ அந்தக் கடைப் பிள்ளை?" என்று கேட்டாள். பெட்டியை வாங்கவில்லை. வெள்ளித்தாளில் இருந்து ஒரு துண்டு முறித்து அவளுடைய கையில் வைத்தாள். "அம்மாளாச்சியின்ர பிரசாதம். தின்னும்."

அவள் வாயில் போட்டாள். முகம் சுருங்கிப்போனது. "கடல் தண்ணி மாதிரி இருக்கு அம்மா!"

"ஓம்" என்றாள் என் மனைவி. "அப்பிடித்தான் இருக்கும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு என்னத்தைச் சொல்ல? படகிலிருந்தல்லவா தொடங்கவேண்டும்.  ஒரு துண்டு எடுத்து நானும் வாயில் போட்டேன்.

மகன் தாயின் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். துண்டுகள் முடிந்து இளகினது மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, உந்தத் தாளைத் தாங்கோ" என்றான். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். "போடா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்குக் கிடைச்சது." அவன் எட்டிப் பிடித்தான். நரை விழுந்த பிள்ளையும் அவளும் கோயில் வெளிவீதியில், அத்தனை சனத்துக்கும் முன்னால், தாளுக்கு அடிபட்டார்கள். ஐயர் வாசலில் வந்து நின்று பார்த்தார். 

லீவு முடிந்து அவன் போய்விட்டான். இனி விரும்பின நேரம் வந்து போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மன் படத்துச் சட்டத்தில் மங்கின தாள்களுக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தாள் மினுங்குகிறது. அவள் நகத்தால் நீவினதுதான். ஒரு மூலையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அது இழுபறியில் கிழிந்தது.

போன வெள்ளி வழமை போலக் கோயிலுக்கு வெளிக்கிட்டோம். பெரிய றோட்டில் ஏறி மஞ்சள் மதில் தெரிந்ததும் அவளுடைய கை தானாகச் சீலைத் தலைப்பை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனது. காலும் கடக்கிறதுக்குத் திரும்பியது. ஒரு லொறி வந்ததால் நின்றாள். லொறி போனது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, கடக்கேல்லையோ?" என்றேன்.

அவள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். மூச்சை நன்றாக உள்ளுக்கு இழுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை எங்களைக் கண்டுவிட்டு, கரண்டியை வாயில் வைத்தபடியே கையைக் காட்டினாள்.

"இஞ்சால் பக்கத்தாலேயே போவம்" என்றாள் என் மனைவி.